குளம் இருக்கிறது, நீர் எங்கே போகிறது? மட்டக்களப்பு விமான நிலையத்தை விளங்கிக்கொள்ள ஒரு எளிய விளக்கம்

எங்கள் பக்கத்தில் ஒருவர் கட்டாருக்கோ டுபாய்க்கோ வேலைக்குப் போகிறார் என்றால், முழுக் குடும்பமும் பயணத்துக்குத் தயாராகிவிடும். இரவு ஒன்பது மணிக்கு வாசலில் வான் வந்து நிற்கும். போகிறவர், மனைவி, பிள்ளைகள், மாமி, மச்சான், கையில் எலுமிச்சம்பழத்தோடு ஒரு பெரியம்மா என்று எட்டுப் பத்துப் பேர் ஏறுவார்கள். வாழைச்சேனை, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று இரவு முழுக்க ஓடி, விடிவதற்குள் வான் கட்டுநாயக்கா சர்வதேச விமான நிலையத்தைப் பிடித்துவிடும்.

போன வருடம் இப்படி ஒரு பயணத்தில் என் மருமகன், பதின்மூன்று வயதுப் பையன், பின் சீட்டில் இருந்து கேட்டான்: "மாமா, திமிலைதீவிலயே எயார்போட் இருக்கே. பிறகு ஏன் நாம இவ்வளவு தூரம் போறம்?"

அவனுக்கு அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். நல்ல கேள்வி அது. ஒரு சிறிய விமான நிலையம், பக்கத்தில் பெரிய நிலையங்கள் இருக்கும்போது, எப்படிப் பிழைக்கும்? இதற்குப் பொருளாதாரத்தில் தெளிவான சில கருத்துகள் இருக்கின்றன. வயல்காரர் பிள்ளைகளான எங்களுக்கு அவை புதியவையும் அல்ல.

முதலில் நிலையத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் திறக்கப்பட்டது. அது எயார் சிலோன் காலம். 1983இல் விமானப்படை அதைப் பொறுப்பேற்றது. போர் முடிந்தபின் ஓடுபாதை திருத்தப்பட்டு, 2016இல் உள்நாட்டுப் பயணத்துக்குத் திறந்தார்கள். 2018இல் அது சிவில் உள்நாட்டு விமான நிலையம் ஆனது. ஓடுபாதையின் நீளம் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர். இந்த நீளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, இப்போது குளத்துக்கு வருவோம்.

உன்னிச்சைக் குளத்தையோ இங்கினியாகலையில் இருக்கும் சேனநாயக்க சமுத்திரத்தையோ நினைத்துப் பாருங்கள். குளம் கட்டுகிறவர், அணைக்கட்டு எவ்வளவு உயரம் என்று யோசிப்பதற்கு முன்னால் வேறொன்றைப் பார்ப்பார்: எந்தப் பரப்பில் விழும் மழை வழிந்தோடி இந்தப் பள்ளத்துக்கு வந்து சேரும்? அதைத்தான் நீரேந்து பரப்பு என்கிறோம். நீரேந்து பரப்பு சிறியதென்றால், அணைக்கட்டை மலையளவு உயர்த்தினாலும் குளம் நிரம்பாது.

விமான நிலையத்துக்கும் இப்படி ஒரு பரப்பு உண்டு. அந்த நிலையத்தைத் தேடி இயல்பாக வரக்கூடிய மக்கள் வாழும் வட்டாரம்தான் அது. ஐரோப்பிய ஒன்றியம் விமான நிலையங்களுக்கு அரச உதவி கொடுப்பதற்கான விதிகளில் இதை ஏறக்குறைய 100 கிலோமீட்டர் அல்லது 60 நிமிடப் பயணம் என்று வகுத்திருக்கிறது. அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பார்த்தால் சுவாரசியமான ஒன்று தெரிகிறது. திமிலைதீவை மையமாக வைத்து 100 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் கீறினால் வாகரை, கல்முனை, அக்கரைப்பற்று, அம்பாறை, பொத்துவில் எல்லாம் உள்ளே வந்துவிடும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இருந்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தூரத்தை விட்டு 60 நிமிடத்தை எடுத்துக்கொண்டால், கடலோர வீதியின் நெரிசலில் தெற்கே கல்முனையோடும் வடக்கே வாழைச்சேனைப் பக்கத்தோடும் வட்டம் நின்றுவிடுகிறது. பொத்துவில்காரருக்குத் திமிலைதீவு வந்து சேர்வதே அரைநாள் வேலை.

அப்புறம், விழுகிற மழையெல்லாம் குளத்துக்கு வருவதில்லை. கொஞ்சம் மண்ணில் ஊறும், கொஞ்சம் ஆவியாகும். அதேபோல ஒரு வட்டாரத்தில் இத்தனை இலட்சம் பேர் இருக்கிறார்கள் என்பது மட்டும் எதையும் சொல்லாது. அவர்களில் எத்தனை பேருக்குப் பறந்து போக வேண்டிய வேலை இருக்கிறது, எத்தனை பேரிடம் அதற்கான காசு இருக்கிறது, அந்த நேரமிச்சம் எத்தனை பேருக்கு உண்மையாகவே தேவைப்படுகிறது என்பதுதான் கேள்வி.

இனி கசிவு. நிரம்பிய குளமே என்றாலும் அணைக்கட்டில் பொந்து இருந்தால் நீர் நிற்காது. விமானத் துறையிலும் இதே சொல்தான் வழக்கம். ஒரு வட்டாரத்துப் பயணிகள் பக்கத்து நிலையத்தை விட்டுவிட்டுத் தூரத்துப் பெரிய நிலையத்துக்குப் போவதைப் பயணிகள் கசிவு என்கிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு எங்கள் வாசலில் நின்ற வான்தான் அந்தக் கசிவு.

ஏன் கசிகிறது? வளைகுடாவுக்குப் போகிறவரின் இடத்தில் இருந்து பார்ப்போம். கட்டுநாயக்காவில் இருந்து அவருக்கு எந்த நாளிலும் விமானம் கிடைக்கும். பல நிறுவனங்கள் போட்டி போடுவதால் கட்டணமும் குறையும். ஒன்றைத் தவறவிட்டால் இன்னொன்று இருக்கும். திமிலைதீவில் இருந்து கட்டுநாயக்காவுக்கு ஒரு சிறிய விமானத்தில் போகலாம் என்று வைத்துக்கொண்டாலும், அதில் பெட்டியின் எடையைக் கறாராகப் பார்ப்பார்கள். இரண்டு வருடத்துக்குப் போகிறவரின் பெட்டியும் அட்டைப்பெட்டியும் அதில் அடங்காது. இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால், முதல் விமானம் பிந்தினால் இரண்டாவதைத் தவறவிடும் பயம் வேறு. எல்லாவற்றையும்விட, வழியனுப்ப வருகிற மாமியும் பெரியம்மாவும் விமானத்தில் வர முடியாது. வான் வாடகை ஒன்றுதான், அதில் பத்துப் பேர் போகலாம். அந்தக் கண்ணீரும் கையசைப்பும் பயணத்தின் ஒரு பகுதி. ஆகவே "நம் ஊரில் இருந்து எத்தனை ஆயிரம் பேர் வெளிநாடு போகிறார்கள், அவர்களெல்லாம் இங்கிருந்தே பறப்பார்கள்" என்ற கணக்கை நான் நம்புவதில்லை. அவர்கள்தான் இருப்பதிலேயே அதிகம் கசியக்கூடியவர்கள்.

இந்தக் கசிவு தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். ஆள் குறைந்தால் நிறுவனம் விமானங்களைக் குறைக்கும். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் விமானம் என்றால், புதன்கிழமை வேலை இருப்பவர் வேறு வழி தேடுவார். இன்னும் ஆள் குறையும். சிறிய நிலையங்கள் பல மூடப்படுவது இந்தச் சுழலில்தான்.

பக்கத்துப் போட்டியாளர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும். கட்டுநாயக்கா எல்லாருக்கும் தெரிந்ததே. நேர்கோட்டில் பார்த்தால் வடக்கே ஏறக்குறைய 110 கிலோமீட்டரில் திருகோணமலைச் சீனக்குடா, ஓடுபாதை இங்கிருப்பதைவிட நன்றாக நீளமானது. மேற்கே அதைவிடக் கிட்ட, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமைந்த ஹிங்குராக்கொடை. அதைச் சர்வதேச நிலையமாக்கும் திட்டம் நெடுநாளாகப் பேச்சில் இருக்கிறது. தெற்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டரில் உஹனவில் அம்பாறையின் நிலையம். ஒரே மழைக்கு நான்கு குளம் என்றால் ஒவ்வொன்றிலும் முழங்கால் ஆழம்தான் நிற்கும். மாவட்டத்துக்கு ஒன்று, அமைச்சருக்கு ஒன்று என்று கேட்கும்போது இதை யாராவது சொல்ல வேண்டும்.

ஆனால் எனக்கு அவை எல்லாவற்றையும்விடப் பெரிய போட்டியாகத் தெரிவது இரவு பஸ்ஸும் இரவு ரயிலும். மட்டக்களப்பில் இருந்து கட்டுநாயக்காவுக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். சிறிய விமானத்துக்கு முக்கால் மணி நேரம் போதும். வீதியால் கொழும்புக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல், ஆறேழு மணி நேரம். அப்படியென்றால் விமானம் ஐந்து மணி நேரத்தை மிச்சம் பிடிக்கிறது என்று கடதாசியில் எழுதலாம். ஆனால் இரவு எட்டரைக்குப் பஸ் ஏறித் தூங்கி, விடியற்காலை கொழும்புக் கோட்டையில் இறங்குகிறவருக்கு மிச்சமாவது எது? அவர் இழந்தது தூக்கத்தில் கொஞ்சம். பகலில் ஒரு மணி நேரம்கூட அவருக்குப் போகவில்லை. விடுதிச் செலவும் இல்லை. விமானக் கட்டணம் பஸ் கட்டணத்தைப் போலப் பல மடங்கு என்னும்போது அவர் எதைத் தெரிவு செய்வார் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

இப்போது வரவுசெலவு. விமான நிலையத்துக்கு இரண்டு வழியில் காசு வரும். ஒன்று விமானத்தால் வருவது: தரையிறங்கும் கட்டணம், நிறுத்திவைக்கும் கட்டணம், பயணி ஒருவருக்கு இவ்வளவு என்ற கட்டணம். மற்றது கடை வாடகை, வாகனத் தரிப்பிடம், விளம்பரப் பலகை போன்றவை. பெரிய நிலையங்கள் இரண்டாவதில்தான் நன்றாகச் சம்பாதிக்கின்றன. இருபது பேர் வந்துபோகும் இடத்தில் தேநீர்க் கடை வைப்பவருக்கே கட்டுப்படியாகாது.

செலவின் இயல்பு வேறு. ஒரு விமானம் வந்தாலும் பத்து விமானம் வந்தாலும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் இருக்க வேண்டும். தீயணைப்பு வண்டியும் அதற்கான குழுவும் தயாராக நிற்க வேண்டும். எந்த அளவு தீயணைப்பு வசதி வேண்டும் என்பதைப் பயணிகளின் தொகை முடிவு செய்வதில்லை, இறங்கும் விமானத்தின் நீளமும் உடல் அகலமும்தான் முடிவு செய்கின்றன. பெரிய விமானத்தை வாரத்துக்கு ஒருமுறை இறக்கினாலும் பெரிய ஏற்பாடு வேண்டும். சோதனைக் கருவிகள், காவல், புல்வெட்டு, பறவை விரட்டு, மின்சாரம் எல்லாம் நாள்தோறும் ஓடும் செலவு. இவற்றை நிலையான செலவு என்பார்கள். நிலையான செலவைப் பயணிகளின் தலைக்குப் பிரித்தால், தலைகள் குறையக் குறையப் பங்கு ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், உங்கள் கையாலேயே போடலாம். உள்நாட்டில் பறக்கும் செஸ்னா கரவன் போன்ற சிறிய விமானத்தில் எட்டுப் பேர் போகலாம் என்று வையுங்கள். நாளுக்கு ஒருமுறை வந்து ஒருமுறை போகிறது, ஒரு இருக்கைகூடக் காலியில்லை, வருடத்தில் ஒரு நாள்கூட ரத்து இல்லை. 16 பேர், 365 நாள்: வருடத்துக்கு 5,840 பயணிகள். இனி 70 இருக்கை கொண்ட ஏ.டி.ஆர். 72 விமானம் நாளுக்கு ஒருமுறை வந்துபோகிறது, பத்தில் ஏழு இருக்கை நிரம்புகிறது என்று வைப்போம். ஒரு பக்கத்துக்கு 49 பேர், இரு பக்கமும் 98 பேர். வருடத்துக்கு 35,770 பயணிகள்.

உலக அளவில் வருடத்துக்கு 10 இலட்சம் பயணிகளுக்குக் குறைந்த நிலையங்களில் பெரும்பாலானவை நட்டத்தில்தான் நடக்கின்றன. மேலே சொன்ன ஐரோப்பிய விதிகள், 2 இலட்சம் பயணிகள்வரை உள்ள நிலையம் தன் அன்றாடச் செலவையே பெருமளவுக்கு ஈடுகட்ட முடியாமல் போகலாம் என்று ஏற்றுக்கொள்கின்றன. நாங்கள் மிகத் தாராளமாகப் போட்ட கணக்கு அந்த 2 இலட்சத்தில் ஐந்தில் ஒன்றைக்கூட எட்டவில்லை.

அப்படியானால் மூடிவிடுவதா என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. கல்லடிப் பாலம் எத்தனை ரூபாய் இலாபம் தருகிறது என்று யாரும் கேட்பதில்லை. பாலத்தால் நடக்கும் வேலைகளுக்காகத்தான் பாலம். விமான நிலையத்தையும் அப்படிப் பார்க்கலாம். ஆனால் அப்படிப் பார்ப்பதாக வெளிப்படையாகச் சொல்லி, நட்டத்தைச் சிறிதாக வைத்திருக்கத் தெரிய வேண்டும். திமிலைதீவில் விமானப்படையும் இருப்பதால், ஓடுபாதையைப் பராமரிக்கும் சுமையைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. இது பெரிய வசதி.

பெரிதாகக் கட்டினால் ஆள் தானாக வரும் என்று நினைத்த இடம் எப்படி ஆனது என்பதற்கு மத்தளையைப் பார்க்கலாம். 2013இல் திறந்தார்கள். மூன்றரைக் கிலோமீட்டர் ஓடுபாதை, வருடத்துக்கு 10 இலட்சம் பேருக்கான கட்டடம். பெரும்பகுதி சீனக் கடன். ஸ்ரீலங்கன் விமானங்கள் 2015இல் அங்கிருந்து விலகின. ஒருகட்டத்தில் அதன் சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டைகளை அடுக்கினார்கள். குறை ஓடுபாதையில் இல்லை. சுற்றிவர நீரேந்து பரப்பு சிறியது, தெற்கு அதிவேகப் பாதை கட்டுநாயக்காவை இன்னும் கிட்டக் கொண்டுவந்தது. அம்பாறையில் ஒலுவில் துறைமுகத்தையும் நாங்கள் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். அதுவும் 2013இல் திறந்ததுதான். கடல் மணலை எந்தப் பக்கம் தள்ளும் என்பது கரைவலைக்காரருக்குத் தெரியும். வாய் மணலால் மூடிக்கொண்ட பிறகும் துறைமுகத்தின் கடன் கடனாகவே நிற்கும்.

இதற்கு எதிர்ப்பக்கம் யாழ்ப்பாணத்துப் பலாலி. 2019 ஒக்டோபரில் சர்வதேச நிலையமாகத் திறந்து, நவம்பரில் சென்னைக்குச் சேவை தொடங்கியது. கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024இல் இன்டிகோ என்ற இரண்டாவது நிறுவனமும் சேர்ந்தது. இரண்டு நிறுவனங்களும் ஏ.டி.ஆர். வகை விமானங்களைத்தான் விட்டன. ஏன் அங்கே பிடித்தது? யாழ்ப்பாணத்தில் இருந்து கட்டுநாயக்கா வீதியால் வெகு தூரம், சென்னையோ கடலுக்கு அந்தப் பக்கம்தான். வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் கல்யாணச் சேலைக்கும் உறவைப் பார்க்கவும் என்று இரு பக்கமும் ஆள் போகிறது, வருகிறது. மட்டக்களப்பில் இருந்து சென்னை ஏறக்குறைய 620 கிலோமீட்டர், யாழ்ப்பாணத்தில் இருந்து இருப்பதைவிட நல்ல தூரம். இங்கேயும் அந்தத் தேவை இருக்கிறது, ஆனால் அதே அளவில் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சர்வதேசம் என்று பெயர் மாற்றினால் சுங்கம், குடிவரவு, சுகாதாரச் சோதனை என்று இன்னொரு அடுக்கு நிலையான செலவு வந்து உட்கார்ந்துவிடும், வாரத்துக்கு இரண்டு விமானம்தான் வந்தாலும்.

எனக்கு மட்டக்களப்போடு ஒப்பிடப் பொருத்தமாகப்படுவது புதுச்சேரி. அங்கேயும் ஓடுபாதை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர்தான். பக்கத்தில், 150 கிலோமீட்டரில், சென்னை என்ற பெரும் நிலையம். சில காலம் அங்கே சேவையே இல்லாமல் இருந்தது. 2024 டிசம்பரில் மீண்டும் விமானம் வந்தபோது அது எங்கே பறந்தது? பெங்களூருக்கும் ஹைதராபாதுக்கும். சென்னைக்குப் பறக்கவில்லை, சென்னைக்குத்தான் பஸ் இருக்கிறதே. பெரிய போட்டியாளரோடு மோதாமல், வீதியால் போக அலுப்பான ஊரைத் தெரிவு செய்தார்கள். விமானமும் ஓடுபாதைக்கு ஏற்ற அளவு. ஒன்றரைக் கிலோமீட்டரில் ஏ.டி.ஆர். 72 இறங்கி ஏறலாம். எயார்பஸ் ஏ320 போன்ற ஜெட் விமானம் நிறைந்த சுமையோடு எழும்ப ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டராவது வேண்டும். எங்கள் வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஓடுபாதையை நீட்டு என்று கேட்கும் முன்னால், இருக்கிற நீளத்துக்கு ஏற்ற விமானத்தை நிரப்ப ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முறை.

அரசு காசு கொடுத்தால் நிற்குமா? இந்தியா 2016இல் உடான் திட்டத்தை அறிவித்தது. சிறு ஊர்களுக்குப் பறக்கும் நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுக்கு நட்ட ஈடு, பாதி இருக்கைகளுக்குக் கட்டண வரம்பு. நல்ல நோக்கம்தான். ஆனால் 2023இல் வந்த கணக்காய்வு அறிக்கையின்படி, தொடங்கிய 371 வழித்தடங்களில் 112 மட்டுமே அந்த மூன்று ஆண்டுகளை முடித்தன. வெளியில் இருந்து வாய்க்கால் வெட்டி நீர் விட்டால் குளம் கொஞ்ச நாள் நிற்கும், அவ்வளவுதான். மூன்று வருடத்தில் ஊர் மக்களுக்குப் பறக்கும் பழக்கம் வந்துவிட வேண்டும்.

எங்கள் குளத்துக்கு வருகிற மழை எது? சுற்றுலாதான் முதலில் கண்ணுக்குத் தெரிகிறது. ஏப்ரல், மே தொடங்கிச் செப்டம்பர்வரை, தெற்கிலும் மேற்கிலும் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது எங்கள் கடல் கண்ணாடியாக இருக்கும். பாசிக்குடாவுக்கு நிலையத்தில் இருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் எங்கள் கடலில் மூழ்கடித்த ஹேர்மஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைப் பார்க்க எங்கெங்கோ இருந்து சுழியோடிகள் வருகிறார்கள். அறுகம்பைக்கு அலைச்சறுக்கு விளையாட வருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது இங்கிருந்து வீதியால் 100 கிலோமீட்டருக்கும் மேல். பத்து நாள் விடுமுறையில் வருகிறவருக்கு அரைநாள் மிச்சம் என்பது பெரிய விடயம், காசும் கொடுப்பார். ஆனால் மாரி பிறந்தால் இந்த மழை நின்றுவிடும். நவம்பரில் இருந்து ஜனவரிவரை எங்கள் வானம் கறுத்துக் கிடக்கும்போது பயணி வேறு பக்கம் போய்விடுவார். ஆறு மாதத்து ஆளை வைத்துப் பன்னிரண்டு மாதச் சம்பளம் கொடுக்க முடியாது.

மாரியிலும் வற்றாத ஒரு சிறு ஓடை இருக்கிறது, அதைத்தான் யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்று எனக்குக் கவலை. போதனா வைத்தியசாலைக்கு வந்துபோகும் விசேட வைத்தியர்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் இருக்கும் இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் பரீட்சகராக, விரிவுரையாளராக வருகிறவர்கள். கொழும்பில் வழக்கு இருக்கும் சட்டத்தரணி. அமைச்சில் ஒரு கையெழுத்துக்காக அலையும் அதிகாரி. இரவு பஸ்ஸில் ஏற்ற முடியாத நோயாளி. இவர்களுக்கு நேரம் உண்மையாகவே பெறுமதியானது, வருடம் முழுக்க இருப்பவர்களும் இவர்கள்தான்.

ஆனால் இவர்களுக்கு உதவ, விமானம் இரவில் எங்கே தூங்குகிறது என்பது முக்கியம். இது சின்ன விடயம் போலத் தெரியும். விமானம் கொழும்புப் பக்கம் தூங்கினால் காலையில் அங்கிருந்து சுற்றுலாக்காரரை ஏற்றி வந்து, வந்த கையோடு திரும்பும். எங்கள் வைத்தியர் அதில் ஏறிப் போனால், கொழும்பில் வேலை முடிய மாலையாகிவிடும், திரும்ப அடுத்த நாள்தான். விமானம் திமிலைதீவில் தூங்கினால் கதையே மாறும். காலை ஆறரைக்குப் புறப்பட்டு ஏழரைக்குக் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரத்மலானை விமான நிலையத்தில் இறங்கி, நாள் முழுக்க வேலை பார்த்து, மாலை விமானத்தில் திரும்பலாம். கிழக்கில் ஆறு ஆறரைக்கே இருட்டிவிடுவதால் அந்த மாலை விமானத்துக்கு ஓடுபாதை விளக்குகளும் விளக்கை இயக்க ஆளும் வேண்டும். இரண்டு கிலோமீட்டர் ஓடுபாதைக்கும் சர்வதேசப் பெயர்ப்பலகைக்கும் ஆகும் செலவோடு பார்த்தால் இது மிகக் குறைவு.

மருமகனுக்கு இப்போது பதினான்கு வயது. வைத்தியராக வேண்டும் என்கிறான். அடுத்த முறை வானில் போகும்போது அவனுக்கு இதைத்தான் சொல்லப் போகிறேன்: "தம்பி, பெரிய விமானம் எப்ப வரும் எண்டு கேக்காத. வாற விமானம் ராவைக்கு எங்க நிக்கும் எண்டு கேள்."